முதல் வரி எழுதிய முன்னோர்

கதை எழுதவேண்டும் என்னும் ஆவல் எட்டிப் பாராத தமிழ்க் குடும்பம் அரிது. பிழைப்புத் தேடி வாளையாறு கடந்து வந்த பாட்டன் பட்ட பாடும், பிறந்த ஊரில் பாட்டி விட்டுவந்த வீடும் கஞ்சிக்கோட்டுத் தமிழ் இல்லங்களில் இன்றும் பேச்சாக உலவுகின்றன. ஆயின் அவற்றை எழுதிவைக்கலாம் என்று தாளை எடுத்து அமர்ந்தால் முதல் வரி வருவதில்லை. முன்மாதிரி இல்லை என்கிறோம், மொழி வசப்படவில்லை என்கிறோம், நேரமில்லை என்கிறோம், நினைத்த கதை கைகூடவில்லை என்றும் சொல்லிக்கொள்கிறோம். இத்தடைகள் நமக்கு மட்டுமே உரியவை அல்ல. தமிழிலும் மலையாளத்திலும் நாவல் என்னும் துறையை வளர்த்த முன்னோரும் இவற்றை எதிர்கொண்டவர்களே. அவர்களுட் சிலர் நம்மைப் போல் அரசாங்க ஊழியம் பார்த்தவர்கள் என்பது நமக்கு மேலும் நெருக்கமான செய்தியாகும்.

மாயூரத்து முன்சீப்

1826ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாக விளங்கியவர். அவர் காலத்தில் புலமை என்றாலே செய்யுள்தான். அவரும் 1859இல் நீதிநூலைச் செய்யுளிலேயே இயற்றினார். உரைநடையில் நீண்ட கதை எழுதுவதற்குத் தமிழில் அவருக்கு வழிகாட்டி எவரும் இல்லை. அவ்வாறாயின் அவர் கைக்கு உரைநடை எங்கிருந்து வந்தது? நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி நூலாக வெளியிட்டவர் அவர். வழக்கின் நிகழ்ச்சிகளைக் கோவைப்படுத்திச் சொல்லும் அப்பழக்கம் கதை சொல்லவும் துணைசெய்திருக்கும் என நாம் கருதுகிறோம்.

1879இல் அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அந்நூலில் பழமொழியும் கிளைக்கதையும் நகைச்சுவையும் அறவுரையும் கலந்து கிடக்கின்றன. கட்டுக்கோப்புக் குறைவு என்று பிற்கால விமரிசகர் கூறினர், அது உண்மையே. ஆயினும் முன்மாதிரி இல்லையே என்று அவர் கைகட்டி இருந்துவிடவில்லை. தமக்குத் தெரிந்த கதைகளையும் கேட்ட வேடிக்கைகளையும் கொண்டே கட்டடத்தை எழுப்பினார். தமிழில் முதல் நாவல் எது என்று கேட்டால் இன்றும் அந்நூலையே நாம் சுட்டுகிறோம்.

மலையாளக் கரையின் முன்சீப்

நாம் வாழ வந்த இம்மண்ணிலும் ஒரு முன்சீப் இருந்தார் என்பது வியப்பான ஒற்றுமை. அவரே ஒ. சந்து மேனோன். ஆங்கில நாவல்களில் ஈடுபாடு மிக்க அவர், அவற்றைப் படித்து வீட்டாருக்கு மலையாளத்தில் வாய்மொழியாகச் சொல்லி வந்தார். பிறகு டிஸ்ரேலி எழுதிய ஒரு நாவலை மலையாளத்தில் மொழிபெயர்க்க முற்பட்டார். முயற்சி இடையில் நின்றது. வாயால் சொல்லும்போது விளக்கத்தாலும் குரலாலும் உயிர்பெற்ற கதை, எழுத்தில் இறங்கியதும் சுவையற்றுப் போயிற்று.

மற்றொருவராயின் தம் மொழிக்கு நாவல் ஒத்துவராது என்று முடிவு கட்டியிருப்பார். சந்து மேனோனோ, அயலார் வாழ்க்கையை இரவல் வாங்கியதே இடர் என்று உணர்ந்தவர் போலத் தாம் அறிந்த மலபார்த் தறவாட்டு வாழ்க்கையையே பொருளாகக் கொண்டார். 1889 ஜூன் மாதம் தொடங்கிய 'இந்துலேகா', அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே முடிந்தது. 1887இல் அப்பு நெடுங்காடியின் 'குந்தலதா' வந்திருப்பினும், நாவல் இலக்கணம் நிரம்பிய முதல் மலையாள நூலாகப் பலரும் போற்றுவது 'இந்துலேகா'வையே. மொழிபெயர்ப்பில் தயங்கி நின்ற கை, சொந்த வீட்டுக் கதையை இரண்டே மாதத்தில் எழுதி முடித்தது. மொழி வசப்படவில்லை என்று வருந்துவோர், எடுத்த பொருள் தம்முடையதுதானா என்று முதலில் பார்த்தல் நலம்.

உப்பு இலாகா உத்தியோகத்தர்

நேரமின்மைக்கு வருவோம். 1872இல் பிறந்த அ. மாதவையா உப்பு இலாகாவில் பணி செய்தவர். 1892இல் 'விவேக சிந்தாமணி' இதழில் அவர் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' சில பகுதிகளோடு நின்றுபோயிற்று. அதே இதழில் 1893 முதல் 1895 வரை தொடர்ந்து வெளிவந்து நிறைவுற்றது, அவரோடு ஒரே ஆண்டில் பிறந்த ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'.

நண்பர் நூல் நிறைவேறத் தம் நூல் நின்றதைக் கண்டும் மாதவையா எழுதுகோலை வைத்துவிடவில்லை. 'பத்மாவதி சரித்திர'த்தின் முதற்பாகத்தை 1898இலும், இரண்டாம் பாகத்தை அடுத்த ஆண்டிலும் வெளியிட்டார். நின்றுபோன பழைய கதையையும் மறக்கவில்லை. 1903இல் அது 'முத்துமீனாட்சி' என்னும் பெயரில் முழு நூலாகியது. பாதியில் நின்ற கதை பதினோராண்டுக்குப் பின் கரையேறிற்று! ஓய்வுபெற்ற பின் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழையும் நடத்தினார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் அவர் உயிர் நீத்தபோது, 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமலே நின்றது. முடியாமற்போகுமோ என்று அஞ்சித் தொடங்காதிருந்தால் முதலிரு பாகங்களும் நமக்குக் கிடைத்திரா.

தசராக்கில் பிறந்த கதை

நான்காவது எடுத்துக்காட்டைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக்கு அருகே தசராக் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கு ஓராசிரியர் பள்ளியில் பணியேற்ற தம் சகோதரியோடு 1956இல் வந்து தங்கினார் ஒ. வி. விஜயன். அப்போது அவர் உள்ளத்தில் உருவாகிக்கொண்டிருந்தது ஒரு புரட்சி நாவல். அவ்வாண்டே அங்கேரியில் மக்கள் எழுச்சியைச் சோவியத் படை அடக்கியது. 1958இல் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார். கொண்டிருந்த நம்பிக்கை குலையவே, வகுத்திருந்த கதையும் குலைந்தது.

ஆனால் தசராக்கின் மனிதர்களும் கரும்பனைகளும் காற்றும் அவரை விட்டு அகலவில்லை. டெல்லியில் கேலிச்சித்திரம் வரைந்து வாழ்ந்த நாளிலும் அக்கதையைத் திரும்பத் திரும்ப எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1968இல் 'மாத்ருபூமி' வார இதழில் தொடராகவும், 1969இல் நூலாகவும் வெளிவந்தது 'கசாக்கின் இதிகாசம்'. யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பால் அது இன்று தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது. முன்பு வகுத்த கதை தகர்ந்த இடத்திலேயே அதனினும் பெரிய கதை முளைத்தது.

நமக்குரிய கடமை

இந்நால்வரும் அருள்வாக்கு இறங்கட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்லர். ஒருவர் கையிலிருந்த பொருளைக் கொண்டு தொடங்கினார். ஒருவர் இரவலை விட்டுச் சொந்தத்துக்குத் திரும்பினார். ஒருவர் நின்றதை மீண்டும் எடுத்தார். ஒருவர் குலைந்ததைத் திருத்தி எழுதினார். தடை நீங்கிய பின் எழுதுவோம் என்று எவரும் இருக்கவில்லை. எழுத எழுதவே தடை நீங்கிற்று.

கோப்பும் குறிப்பும் எழுதிப் பழகிய கைகள் நம்மிடையே பல உண்டு. ஆலையிலும் இருப்புப்பாதையிலும் உழைத்து ஓய்ந்த முதியோர் சொல்லும் செய்திகள் அதனினும் பல. நம் பிள்ளைகளிற் பலர் பள்ளியில் மலையாளம் பயின்று, தமிழை வீட்டுப் பேச்சாக மட்டுமே அறிந்து வளர்கின்றனர். பெரியோர் சொல்வதை இன்று எழுதிவைக்காவிடில், நாம் ஏன் இங்கு வந்தோம் என்பதைத் தமிழில் படித்தறிய அவர்களுக்கு வழியிராது. ஆதலின் பெரியவர் சொல்ல, பிள்ளை எழுதட்டும். அவ்வாறே பிள்ளைக்குத் தமிழெழுத்தும் பழகும். நாளொன்றுக்கு ஒரு பக்கம் போதும். பிழையிருப்பின் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். எழுதாத பக்கத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.