நஞ்சும் மாற்றும்

1796ஆம் ஆண்டில் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். விசாகப்பட்டினத்தில் வாழ்ந்தவர் அவர். நம் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்குவது அவர் பெயரே. அந்நாளில் 'தஞ்சாவூர் மாத்திரை' என்றொரு பாஷாணக் கலப்பு மருந்து பாம்புக்கடிக்குப் பேர்பெற்றிருந்தது. ரஸ்ஸல் அதனைப் பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார், பயன் காணவில்லை. நம்மூர்ப் பெயருக்கு இழுக்கு வந்ததே என்று வருந்தவேண்டுவதில்லை. கல்கத்தாவில் ஜோசப் பேரர் பற்பல மருந்துகளை ஆராய்ந்து 1872இல் பெருநூல் வெளியிட்டபோதும், நம்பத்தக்க மாற்று ஒன்றும் அகப்படவில்லை.

வழி பிறந்தது சைகோனில். அங்கே நாகத்தின் நஞ்சை ஆராயத் தொடங்கிய ஆல்பர்ட் கால்மெட், பிராணியின் உடலில் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றினால் அதன் குருதியிலேயே மாற்று விளையும் எனக் கண்டு, 1894 பிப்ரவரி 10ஆம் நாள் பாரிஸில் அறிவித்தார். அதே நாளில், அதே சபையில், பிசாலிக்ஸ், பெர்த்ராண்ட் என்னும் இருவரும் இதனையே கூறினர். அது ஒரு வியப்பு! ஆயினும் தம் மருந்து எல்லாப் பாம்புக்கும் ஏற்கும் என்று கால்மெட் கருதியது பிழை. பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் அதனை மெய்ப்பித்தார்: நாகத்தின் மாற்று விரியன் நஞ்சை முறிக்கவில்லை.

காரணம் வெளிப்படை. நாகத்தின் நஞ்சு நரம்பின் ஆணையைத் தசைக்குச் செல்லவிடாது; இமை சரியும், நாக்குழறும், இறுதியில் மூச்சு நிற்கும். கண்ணாடி விரியன் நஞ்சோ குருதியின் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்த குருதி 20 நிமிடத்தில் உறைகிறதா என்று மருத்துவர் நோக்குவது இதனாலேயே. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை: கட்டு விரியன் பெயரளவில்தான் விரியன், குலத்தால் நாகத்தின் உறவு. இரவில், உறங்குவோரை, வலி தெரியாமலே கடிக்கும்.

இன்று இந்திய மருத்துவமனைகளில் தரப்படும் மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றிப் பெறுவது. அந்நஞ்சில் பெரும்பகுதி, சென்னைக்கருகே வடநெம்மேலியில் இருளர் 1978இல் அமைத்த கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்தது. நம்மைப் போல அதுவும் பிற மாநிலங்களுக்குச் சென்றது. ஆனால் இராஜஸ்தானத்துச் சுருட்டை விரியனிடத்தும், வங்கத்து ஒற்றை வட்ட நாகத்தினிடத்தும் அதன் வலிமை குறைவென ஆய்வுகள் காட்டியுள்ளன. லாம்ப் கண்டது மீண்டும் தலைகாட்டுகிறது. ஆகவே அந்தந்த வட்டாரத்து நஞ்சைக்கொண்டே மருந்து ஆக்கும் முயற்சி நடைபெறுகிறது. அதுவரையில், கடிபட்ட உறுப்பை அசைக்காது, கீறாது, இறுகக் கட்டாது, மருத்துவமனைக்கு விரைவதே செய்யத்தக்கது.