மூளையும் செல்பேசியும்: ஓர் அச்சத்தின் வரலாறு

செல்பேசியைத் தலைமாட்டில் வைத்து உறங்காதே என்று சொல்லாத வீடு இன்று அரிது. சொல்பவரும் அதைத் தலைமாட்டில் வைத்தே உறங்குகிறார் என்பது வேறு கதை. இந்த அச்சத்தின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதை நாம் காணலாம். செல்பேசியின் அலை மூளையில் மாற்றத்தை உண்டாக்குகிறதா என்பது ஒன்று. அம்மாற்றம் தீங்கானதா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கான கருவி, செல்பேசிக்கு வெகுமுன்பே தோன்றிவிட்டது. 1924ஆம் ஆண்டு ஜூலையில், ஜெர்மனியின் யேனா நகரில், ஹான்ஸ் பெர்கர் என்னும் மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அவர் இத்துறைக்கு வந்த வழி விந்தையானது. 1890களில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே நலம் விசாரித்துத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தொலைவிலிருந்த சகோதரியின் மனத்தில், அவருக்கு ஏதோ ஆபத்து என்று பட்டதாம். எண்ணம் கம்பியின்றி ஒரு மூளையிலிருந்து மற்றொரு மூளைக்குச் செல்லுமா என்ற வினா அதன்பின் அவரை விடவில்லை. அதற்கு விடை கிடைக்கவில்லை. வினாடிக்குச் சுமார் பத்து முறை எழுந்தடங்கும் ஆல்ஃபா அலை கிடைத்தது. 1929இல் அதை வெளியிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, கம்பியில்லாப் பேசி மூளையை என்ன செய்கிறது என்று அறிய அவருடைய முறையே பயன்பட்டதை வரலாற்றின் வேடிக்கை என்றே சொல்லவேண்டும்.

இரண்டாம் கேள்வி ஆய்வகத்தில் பிறக்கவில்லை. 1993 ஜனவரியில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற 'லாரி கிங் லைவ்' நிகழ்ச்சியில், ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஒருவர் தம் மனைவி மூளைக்கட்டியால் இறந்ததற்குச் செல்பேசியே காரணம் என்றார். பங்குச்சந்தை ஆட்டம் கண்டது. போதிய அறிவியல் சான்று இல்லையென்று 1995இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆனால் அச்சம் தள்ளுபடியாகவில்லை.

அவ்வச்சத்தில் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு என்பது மொழி படித்த நமக்குத் தோன்றுகிறது. 'கதிர்வீச்சு' என்றவுடன் நம் மனம் ஹிரோஷிமாவுக்கும் செர்னோபிலுக்கும் சென்றுவிடுகிறது. எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் உயிரணுவின் மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் கொண்டவை. செல்பேசியின் ரேடியோ அலைக்கு அவ்வாற்றல் இல்லை. உறுதியாக அறியப்பட்ட அதன் விளைவு, திசுவைச் சிறிதளவு சூடாக்குவதே. ஆயினும் இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

ஆய்வுகள் சொன்னது என்ன? 1999இல் சூரிச்சில் அலெக்சாண்டர் போர்பேய் குழுவினர், உறங்கும் இளைஞர்களை 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு உட்படுத்தினர். உறக்கத்தின் மின்னலைகள் சில அதிர்வெண்களில் வலுப்பெற்றன. ஆனால் உறக்கம் கெடவில்லை; உறங்கத் தொடங்கியபின் இடையே விழித்திருந்த நேரம் 18 நிமிடத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் நோரா வோல்கோவ் (இவர் ட்ராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி) 47 பேரின் காதருகே 50 நிமிடம் செல்பேசியை இயக்கிவைத்துச் சோதித்தார். ஆன்டெனாவை ஒட்டிய மூளைப்பகுதியில் குளுக்கோஸ் பயன்பாடு சுமார் 7 விழுக்காடு கூடியிருந்தது. அதே ஆண்டில் ஃபின்லாந்தில், 13 இளைஞர்களிடம் 33 நிமிடம் சோதித்தவர்களோ அது குறைந்ததாகக் கண்டனர். ஆக, மூளை இவ்வலையை முற்றிலும் கவனியாதிருக்கவில்லை எனலாம். ஆனால் அந்தச் சிறு மாற்றத்தைக் கேடு என்று சொல்ல இவற்றில் எதுவும் இடந்தரவில்லை.

2011 மே மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளைப் '2பி' பிரிவில், அதாவது 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற வரிசையில் சேர்த்தது. நாளேடுகள் அலறின. ஆசிய மரபில் ஊறவைக்கும் காய்கறிகளும் அதே வரிசையில் இருப்பதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. பிள்ளைகளை எண்ணிக் கவலைப்பட்டவர்களுக்கு, 14 நாடுகளில் 10 முதல் 24 வயதினரிடையே நடந்த மோபி-கிட்ஸ் ஆய்வு விடையளித்தது. செல்பேசிப் பயன்பாட்டால் மூளைக்கட்டி கூடியதற்கு அதில் சான்றில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் நடந்து 2024இல் வெளிவந்த தொகுப்பாய்வும், 1994 முதல் 2022 வரையிலான 63 ஆய்வுகளை அலசி, பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் தொடர்பு காணப்படவில்லை என்றது.

எனில், தலைமாட்டுச் செல்பேசியைப் பற்றி நாம் கவலைப்படவே வேண்டாமா? வேண்டும், ஆனால் சரியான காரணத்திற்காக. காலை முதல் வகுப்பில் கண்செருகி அமர்ந்திருக்கும் மாணவரின் உறக்கத்தைக் கெடுத்தது ஆன்டெனாவின் அலையன்று. நள்ளிரவு கடந்தும் அவர் பார்த்துக்கொண்டிருந்த திரை. கதிர்வீச்சை அஞ்சுவது நமக்கு எளிதாயிருக்கிறது, அதற்கு நாம் பொறுப்பல்ல என்பதால். திரையை அணைக்க வேண்டியவர் நாமேயல்லவா?