வாழ வந்தோரும் மலைக்காய்ச்சலும்

கொல்லிமலையை வல்வில் ஓரியின் கொடையாலும், நகைத்துக் கொல்லும் கொல்லிப்பாவையாலும் புலவர் உலகம் நன்கறியும். அம்மலைக்குப் பாடப்பெறாத வரலாறு ஒன்றும் உண்டு. அது காய்ச்சலின் வரலாறு.

காஞ்சிபுரத்தினின்றும் புறப்பட்ட பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் வழியில் வந்தோரே தாங்கள் என்பது மலையாளிப் பழங்குடியினரின் மரபுவழிச் செய்தி. வாழவந்தி நாடு என்னும் பெயரும் செவிக்கு அத்தகைய வருகையையே நினைவூட்டுகிறது. ஆயின், மலேரியா மிகுந்த நிலம் வருவோர் அனைவரையும் ஒன்றாக ஏற்பதில்லை. அங்கேயே பிறந்து, இளமையில் பன்முறை காய்ச்சலுற்றுப் பிழைத்தோர்க்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகும். இழந்த மழலைகளே அதற்கு அவர்கள் கொடுத்த விலை. சமவெளியிலிருந்தோ கடல் கடந்தோ புதிதாக வருவோர்க்கு அவ்வரண் இல்லை. நோயைக் குருதியில் தாங்கியவர் வேறிடம் பெயரின், அவரோடு நோயும் பெயரும்.

1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட், எவெலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர் சமயப்பணிக்கென இம்மலைக்கு வந்தனர், மருத்துவமும் செய்தனர். காய்ச்சலுக்கு மருந்தளித்த ஜெஸ்ஸி, 1929இல் மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலுக்கே இரையானார். இங்கு வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் சீரமைத்துப் புகழ்பெற்றார். எவெலின் அம்மையாரோ முதுமையிலும் மலைகளிலேயே பணியாற்றி 1974இல் மறைந்தார்.

இதற்கிடையே நாடெங்கும் காலம் மாறிற்று. விடுதலையின்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேரைப் பற்றிய மலேரியா, 1953இல் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டத்தாலும் 1958இல் தொடர்ந்த ஒழிப்புத் திட்டத்தாலும் 1965இல் ஏறத்தாழ ஓர் இலட்சமாகச் சுருங்கியது. வீடுதோறும் டி.டி.டி. தெளித்ததும், காய்ச்சலுற்றோரைத் தேடிச்சென்று மருந்தளித்ததும் அதன் காரணங்கள். வெற்றி கண்டு விழிப்புத் தளர்ந்தது. கொசுவும் மருந்தை எதிர்க்கப் பழகியது. 1976இல் நோயுற்றோர் 64 இலட்சமாயினர்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. பிழைப்புத் தேடி மலையிறங்குவோரும் மலையேறுவோரும் நோயின் பகைவரல்லர். நோய்க்கு முதலில் இரையாவோர் அவர்களே. அவர்தம் வழியை அடைத்தலால் நோய் ஒழிவதில்லை. அவ்வழியே மருந்தும் செல்லுதல் வேண்டும். பெயர்ந்து செல்லும் மாந்தரைப் பழிப்பது எளிது. பின்தொடர்ந்து சென்று பேணுவதே அறம்.