பரவளையம்: அளவுக்குச் சரியாகப் பொருந்திய பெயர்

ஸ்பானிய மொழியில் சொல்லுக்கே 'பலாப்ரா' என்றுதான் பெயர். பிரெஞ்சில் 'பரோல்' என்றால் பேச்சு. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'பார்லே' என்னும் வினையிலிருந்து வந்தது 'பார்லிமென்ட்'. இவை எல்லாவற்றுக்கும் மூதாதை 'பரபொலே' என்ற கிரேக்கச் சொல். இருபடிச் சார்புக்கு மாணவர்கள் வரைபடத்தாளில் வரைகிற பரவளையமும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

'பரா' என்றால் பக்கத்தில், 'பல்லெய்ன்' என்றால் எறிதல், இடுதல். ஒன்றன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்பது பரபொலே. பேச்சில் அது ஒப்புமை ஆயிற்று, உவமைக்கதை ஆயிற்று, லத்தீன் வழியாகக் கடைசியில் வெறும் 'சொல்' என்றே தேய்ந்தது. கணிதத்தில் மட்டும் அந்தச் சொல் தன் கூர்மையை இழக்கவில்லை. கொடுத்த கோட்டின் மேல், கொடுத்த பரப்பளவுள்ள செவ்வகத்தைச் சரியாகப் பொருத்தி வைப்பதற்கு யூக்ளிடின் காலத்திலேயே அதுதான் பெயர்.

வளைவுக்கு இந்தப் பெயர் உடனே வந்துவிடவில்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கனசதுரத்தை இரட்டிப்பாக்கும் சிக்கலைத் தீர்க்க மெனெக்மஸ் கூம்பு வளைவுகளைக் கையாண்டார். ஆர்க்கிமிடீஸ்கூட இதைச் 'செங்கோணக் கூம்பின் வெட்டு' என்றே எழுதினார். அது வளைவு பிறந்த இடத்தைச் சொல்லும் பெயர். வளைவின் குணத்தைச் சொல்லாது. குணத்தைப் பெயராக்கி நிலைநிறுத்தியவர் பெர்கா நகரத்து அப்பலோனியஸ். அவருடைய 'கூம்பியல்' எட்டுப் புத்தகங்கள் கொண்டது. முதல் நான்கும் கிரேக்கத்தில் கிடைக்கின்றன, அடுத்த மூன்று அரபு மொழிபெயர்ப்பில் பிழைத்தன, எட்டாவது தொலைந்துபோனது.

அவர் செய்தது இது. வளைவின் மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த நீளத்தின் மேல் ஒரு சதுரம் கட்டுங்கள். இனி, அந்த வளைவுக்கென்றே உரிய, மாறாத ஒரு நீளத்தை ஒரு பக்கமாகவும், முனையிலிருந்து அச்சின் வழியே அளந்த தூரத்தை மறுபக்கமாகவும் வைத்து ஒரு செவ்வகம் கட்டுங்கள். சதுரமும் செவ்வகமும் பரப்பில் சமமானால், பொருத்தம் சரி: பரபொலே. சதுரம் குறைந்தால் 'எல்லெய்ப்சிஸ்', குறைவு, அது நீள்வட்டம். மிகுந்தால் 'ஹைபெர்பொலே', மிகை, அது அதிபரவளையம். மூன்று பெயர்களும் மூன்று சமன்பாடுகள். இயற்கணிதக் குறியீடு எதுவும் இல்லாத காலத்தில், பெயருக்குள்ளேயே சமன்பாட்டை எழுதி வைத்த அந்த மனிதரின் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பு. மாறாத அந்த நீளத்தைத்தான் நம் பாடநூல்கள் செவ்வகலம் என்கின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் கூம்பியலை மொழிபெயர்த்தவர்களின் மரபில் ஒலி கைவிடப்பட்டது, பொருள் காப்பாற்றப்பட்டது. அரபில் பரவளையம் 'முகாஃபி', சமமானது. நீள்வட்டம் 'நாகிஸ்', குறைந்தது. அதிபரவளையம் 'ஸாயித்', மிகுந்தது. நம் பக்கத்தில் வேறு வழி. 'பர' கிரேக்க ஒலியை ஒட்டி நிற்கிறது, 'வளையம்' வடிவத்தைக் காட்டுகிறது. இந்தியிலும் 'பரவலய' என்றே வழங்குகிறது. ஆனால் தமிழ்க் காதுக்கு வளையம் என்றால் மூடியது, கைக்கு மாட்டுவது. பரவளையத்தின் இரு கைகளோ விரிந்துகொண்டே போகும், ஒருநாளும் சேராது. இலங்கைப் பாடநூல்களின் 'பரவளைவு' இந்த இடத்தில் இன்னும் பொருத்தமானது என்பேன். 'அதி' மட்டும் மிகை என்ற பழம்பொருளை இன்னும் சுமக்கிறது.

1637-இல் டேக்கார்ட்டின் 'வடிவியல்' வெளியான பின், வளைவு சமன்பாடாக எழுதப்பட்டது. அங்கேதான் மாறிலிகள் வந்து சேர்ந்தன. ஒய் = எக்ஸ்² என்ற அடிப்படைச் சார்பின் முனை ஆதிப்புள்ளியில் இருக்கும். சமன்பாட்டின் வலப்புறத்தில் 2 கூட்டினால் வளைவு முழுதும் 2 அலகு மேலேறும். இதில் யாருக்கும் குழப்பமில்லை. ஒய் = (எக்ஸ் − 3)² என்றால் வளைவு வலப்பக்கம் நகர்கிறது என்பதுதான் மாணவர்களைத் தடுக்கிறது. கழித்தால் இடப்பக்கம் அல்லவா போகவேண்டும்? அடைப்புக்குள் சுழி வரவேண்டுமானால் எக்ஸ் 3 ஆகவேண்டும். முன்பு 0-இல் கிடைத்த மதிப்பு இப்போது 3-இல்தான் கிடைக்கும். நகர்வது அதனால்தான். இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்ய வைப்பது அநியாயம்; இரண்டு மதிப்புகளைப் போட்டுப் பார்த்தாலே விளங்கிவிடும்.

முன்னால் நிற்கும் பெருக்கும் மாறிலி வடிவத்தையே மாற்றுவதாகத் தோன்றும். ஒய் = 5எக்ஸ்² ஒடுங்கி நிற்கிறது. ஆனால் அதை எல்லாப் பக்கமும் ஐந்து மடங்கு பெரிதாக்கினால் ஒய் = எக்ஸ்² அப்படியே கிடைக்கும். எல்லாப் பரவளையங்களும் ஒன்றுக்கொன்று வடிவொத்தவை என்று அப்பலோனியஸ் ஆறாம் புத்தகத்திலேயே நிறுவிவிட்டார். நீள்வட்டத்துக்கோ அதிபரவளையத்துக்கோ இந்தப் பெருமை இல்லை.

ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 11 என்பதைப் பாருங்கள். பொருத்தம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. வர்க்கப் பூர்த்தி செய்தால் (எக்ஸ் − 3)² + 2. முனை (3, 2). எக்ஸுக்கு 5 கொடுத்தால் ஒய் 6. முனையிலிருந்து அளந்தால் அச்சிலிருந்து விலகல் 2, உயரம் 4. விலகலின் வர்க்கம் 4. செவ்வகலம் 1, அதை உயரம் 4-ஆல் பெருக்கினாலும் 4. சதுரமும் செவ்வகமும் சமம்: பரபொலே.