யாரோடு ஒப்பிடுகின்றோம்?

துன்புற்றோர் இல்லங்களுக்கு ஆறுதல் சொல்லச் செல்லும்போது, நம்மைவிட எளியோரை எண்ணி மனந்தேறுங்கள் என்று நாமும் பலமுறை சொல்லியிருக்கின்றோம். வேறு சொல் கிடைக்காதபோது நாவில் வந்து நிற்பது அதுவே. அச்சொல் எங்கே ஆற்றுகின்றது, எங்கே ஏமாற்றுகின்றது என்று எண்ணிப் பார்க்க நம்மைத் தூண்டியது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்க இராணுவத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வின் வரலாறு.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. உழவரும் எழுத்தரும் ஆலைத் தொழிலாளருமாக இலட்சக்கணக்கானோர் சீருடை அணிந்தனர். அவர்தம் மனநிலையை அறிய இராணுவம் ஓர் ஆய்வுப் பிரிவை வைத்திருந்தது. சாமுவேல் ஸ்டவ்ஃபர் என்னும் சமூகவியல் அறிஞர் அதன் ஆய்வுகளை நடத்தினார். போர் முடிவதற்குள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அவர்தம் வினாக்களுக்கு விடையளித்தனர். அதன் முடிவுகள் 1949-இல் ‘அமெரிக்கப் போர்வீரன்’ என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன.

அந்நூலின் ஒரு செய்தி இன்றும் வியப்பூட்டுகின்றது. வான்படைப் பிரிவில் பதவி உயர்வு விரைவாகக் கிடைத்தது. இராணுவக் காவல் பிரிவிலோ அது அரிது. அப்படியானால் குறைபட்டுக்கொண்டவர் காவலராகத்தானே இருந்திருக்க வேண்டும்? உண்மை நேர்மாறாக இருந்தது. பதவி உயர்வு முறை சரியில்லை என்ற மனக்குறை வான்படையினரிடமே மிகுந்திருந்தது.

ஸ்டவ்ஃபர் குழுவினர் தந்த விளக்கம் எளியது. காவலர் தம்மை வான்படையினரோடு ஒப்பிடவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த காவலரோடு ஒப்பிட்டனர். அவரும் உயர்வு பெறாதவர், எனவே ஏக்கமில்லை. உயர்வு பெற்ற சிலருக்கோ பெருமகிழ்ச்சி. வான்படையிலோ உடன் வந்தோர் பலர் மேலேறிவிட்டனர். ஏறாதவருக்கு அது பொறுக்க முடியாத தாழ்வாயிற்று. மணமான வீரரின் மனக்குறைக்கும் இத்தகைய விளக்கமே தரப்பட்டது. அவர் ஒருபுறம் மணமாகாத தோழரைப் பார்த்தார். மறுபுறம், படைக்கு அழைக்கப்படாமல் மனைவி மக்களோடு ஊரில் இருந்த பிறரைப் பார்த்தார். இழந்தது எவ்வளவு என்பதைவிட, யாரைப் பார்த்து இழப்பை அளக்கின்றோம் என்பதே இங்கு முதன்மை பெறுகின்றது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் உளவியலார் ‘சமூக ஒப்பீடு’ பற்றிய தம் கோட்பாட்டை வெளியிட்டார். தன் கருத்து சரியா, தன் திறன் எவ்வளவு என்று அறிய மனிதன் விழைகின்றான். அளந்து காட்டும் கருவி இல்லாதபோது பிறரையே அளவுகோலாகக் கொள்கின்றான். அதுவும் தன்னை ஒத்தவரையே தேடுகின்றான். சதுரங்கம் கற்கத் தொடங்கியவன் அதன் பேரறிஞரோடு தன்னை ஒப்பிடுவதில்லை என்பது அவரே காட்டும் சான்று. ஒப்பிடுதல் என்றதும் அதைப் பொறாமையின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஃபெஸ்டிங்கர் அதைத் தன்னை அறியும் வழிகளுள் ஒன்றாகவே கண்டார்.

இதே நூலிழையைப் பற்றிச் சென்றவர் இங்கிலாந்தின் ரன்சிமன். அவரது நூல் 1966-இல் வெளிவந்தது. உங்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாக வாழ்பவர் யார் என்று மக்களிடம் கேட்கப்பட்டது. செல்வ வேறுபாடு மலைபோல் நின்ற அந்நாட்டில் அப்படி எவரும் இல்லை என்றோர் பலர். உடலுழைப்பாளர் குறிப்பிட்டவர்களுள்ளும் பெருஞ்செல்வர் அரிது; தம்மைப் போன்ற தொழிலாளரையே மிகுதியாகச் சுட்டினர். வேறுபாடு எவ்வளவு பெரிதோ மனக்குறையும் அவ்வளவு பெரிதாயிருக்கும் என்ற எண்ணத்தை இது அசைத்தது.

இவ்விடத்தில்தான் நம் ஆறுதல் மொழி நமக்கே உறுத்துகின்றது. ஸ்டவ்ஃபரின் நூலில் கறுப்பின வீரரைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அந்நாள் இராணுவத்தில் அவர்கள் தனிப் பிரிவுகளாகவே வைக்கப்பட்டிருந்தனர். நாட்டின் தென்பகுதியில் இனப் பிரிவினைச் சட்டங்கள் கொடியவை. ஆகவே அங்குள்ள முகாம்களில் மனக்கசப்பு மிக அதிகமாயிருக்கும் என்றே எவரும் கருதுவர். ஆய்வில் அவ்வாறு தெரியவில்லை. தெற்கின் வீரர், முகாமுக்கு வெளியே வதைபட்ட கறுப்பினக் குடிமக்களைப் பார்த்துத் தம் நிலை தாழ்வில்லை என எண்ணினர். வடக்கில் இருந்தவரோ போர்த் தொழிற்சாலைகளில் நற்கூலி பெற்ற குடிமக்களைப் பார்த்தனர். இது ஆய்வாளர் தந்த விளக்கம்.

விளக்கம் பொருந்தலாம். ஆனால் அந்த வீரரின் மனநிறைவை எவரேனும் நீதிக்குச் சான்றாகக் காட்டினால் என்ன சொல்வோம்? தமக்கும் கீழே ஒருவர் நசுக்கப்பட்டதால் வந்த நிறைவு அது. அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவர் எப்போதும் நாமே அல்லோம்; பலவேளைகளில் அது நம் கையில் திணிக்கப்படுகின்றது. 1948 ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன், படைகளில் அனைவரும் சமமாக நடத்தப்பட வேண்டும் என ஆணையிட்டார். வீரர் குறைபடும்வரை அநீதி அநீதியாகாது என்று காத்திருந்தால் அந்த ஆணை பிறந்திராது.

ஃபெஸ்டிங்கரின் கோட்பாடு வெளியான அதே 1954-இல், மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் கென்னத் கிளார்க் என்னும் கறுப்பின உளவியலாரின் ஆய்வும் சுட்டப்பட்டிருந்தது. அவரும் அவர்தம் மனைவி மேமியும் 1947-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் 3 முதல் 7 வயது வரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளின் முன் பொம்மைகளை வைத்தனர்; நிறம் தவிர அவற்றுள் வேறுபாடு இல்லை. எதனோடு விளையாட விருப்பம் என்று கேட்டபோது மூன்றில் இரு பங்கினர் வெள்ளைப் பொம்மையையே எடுத்தனர். பிறகு, இவற்றுள் உன்னைப் போன்றது எது என்று கேட்டார்கள். சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடிவிட்டன.