ஔகாரமா, ளகரமா? பழைய தமிழ்க் கோப்புகளும் பதிப்பு மரபும்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரக் கொம்புகள் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் அமைந்தன. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், ஓர் உருவைக் காலாகக் கொள்வதா ரகரமாகக் கொள்வதா என்பதைப் பொருளும் யாப்பும் நோக்கியே துணிய வேண்டியிருந்தது. இதே இடர்ப்பாடு நம் காலத்துக் கணினிக் கோப்புகளிலும் தலைகாட்டுகிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் 1990களில் தமிழ்க் கணிமையில் எழுத்துருவுக்கு ஒரு குறியீடு என்னும் நிலையே நிலவியது. இதனைச் சீர்செய்யும் முயற்சியில் 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழிணைய மாநாடும் 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாடும் குறிப்பிடத்தக்கவை. சென்னையில் தாம், தாப் என்னும் குறியீடுகள் பரிந்துரைக்கப்பட்டன. இணையத் தமிழரிடையே திஸ்கி பரவியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பின்பற்றியது: முதலில் கொம்பு, அடுத்து மெய். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். இம்மாற்றத்தை நிரல் எளிதில் செய்துவிடும். இடர் ஔகாரத்தில்தான் உள்ளது. அதன் வலப்பக்கக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. எனவே தட்டெழுதுவோர் பலர் ‘கௌரவம்’ என்பதைக் கொம்பு, ககரம், ளகரம் என்றே அடித்தனர், இன்றும் அடிக்கின்றனர்.

தோட்டப்புறச் சிறுகதைகள் அடங்கிய பழைய கோப்புகளைத் தூய்மைப்படுத்த, நாற்பது வயதைக் கடந்தபின் பைத்தான் மொழியில் நிரல் எழுதக் கற்றேன். கோப்பைத் திற, வரிவரியாகப் படி, கொம்பையடுத்த ளகரத்தை ஔகாரக் குறியாக்கு, எழுது. நான்கே கட்டளைகள். அவற்றுள் இரண்டு பிழைகள். முதலாவது, மூலக் கோப்பையே எழுதும் நிலையில் திறந்தது. அவ்வாறு திறந்த கணமே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். நல்லவேளை, வேறொரு படி இருந்தது.

இரண்டாவது பிழையே ஆய்வுக்குரியது. ‘வெள்ளம்’, ‘தெளிவு’ முதலிய சொற்கள் சிதைந்தன. ளகரத்தின்பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே என விதி சேர்த்தேன், அவை மீண்டன. ஆனால், கதைமாந்தர் உரையாடலில் ‘வெளக்கு’, ‘கெளம்பு’ என வரும் பேச்சு வடிவங்கள் இவ்விதிக்கு அடங்கவில்லை. இலக்கண வழக்கை மட்டும் எண்ணி எழுதிய நிரல், அவற்றை ஔகாரச் சொற்களாக்கியது. திரையில் எவ்வித வேறுபாடும் தெரியாது. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணும் பிடிக்காது. தேடினால் மட்டும் ‘வெளக்கு’ அகப்படாது. தோட்ட மக்களின் பேச்சு வழக்கைக் கணக்கிடுபவர், அது அக்கதைகளில் இல்லை என்றே முடிவு கூறுவார். சுவடியில் ஐயம் கண்ணெதிரே நின்றது, பதிப்பாசிரியர் தயங்கினார். இங்கோ ஐயத்திற்கு இடமே தெரிவதில்லை.

ஆகவே இப்போது என் நிரல் அத்தகைய இடங்களைத் திருத்துவதில்லை. கோப்பின் பெயர், வரி எண், சொல் ஆகியவற்றைத் தனிக் கோப்பொன்றில் எழுதித் தருகிறது. அப்பட்டியலைக் கதையோடு ஒப்பிட்டு நானே படித்துத் துணிகிறேன். மாற்றிய இடங்களைப் பாடவேறுபாடு போல மூலத்தோடு சேர்த்துப் பாதுகாக்கிறேன்.