பண்பாட்டின் கூறுகளும் அரபுத்தமிழும்

நடுநிலைப் பள்ளி மாணவருக்குப் பண்பாட்டை விளக்கும்போது மொழி, சமயம், உணவு, உடை, கட்டடக்கலை எனக் கூறுகளைப் பட்டியலிடுவது வழக்கம். பட்டியல் பிழையன்று; எனினும், ஒரு கூறு மற்றொன்றை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை அது காட்டுவதில்லை. தமிழ் முஸ்லிம்களின் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டும்.

கடல் வாணிகத்தின் வழியே இஸ்லாம் தமிழகக் கரையை அடைந்தது. அதனை ஏற்றோர் தம் மொழியைத் துறக்கவில்லை. ஸலாத் 'தொழுகை' ஆயிற்று. ஸவ்மு 'நோன்பு' ஆயிற்று. சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த 'பள்ளி' மஸ்ஜிதுக்கும் பெயராயிற்று. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் தமிழ்க் காப்பிய மரபையொட்டி நாட்டுப் படலம் அமைத்தார்; காண்டங்களுக்கோ விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என அரபுச் சொற்களால் பெயரிட்டார்.

இவ்விணைப்பின் உச்சம் அரபுத்தமிழ். அரபு எழுத்துகளில் குறிகளைச் சேர்த்து ங, ண, ழ முதலிய ஒலிகளுக்கு வடிவம் தந்தனர். குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்தறியாதவராயினும், இதன்வழித் தமிழ் நூல்களைப் பயின்றனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) மார்க்கச் சட்டங்களை இவ்வெழுத்திலேயே எழுதினார். வழிபாடு எழுத்தைத் தந்தது. எழுத்து கல்வியைத் தந்தது.

இன்று அதனைப் படிக்க வல்லோர் அருகிவிட்டனர். எழுத்து மறையின், அதனுள் இருக்கும் நூல்களும் வாய்மூடும். ஆகவே, 'உங்கள் பண்பாட்டின் கூறுகள் யாவை?' என்பதோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. 'ஒவ்வொன்றும் எதனால் தோன்றிற்று? எது மறைந்தால் எதனை இழப்போம்?' என்றும் மாணவரை வினவவேண்டும்.